காற்று வராத மதியம்

எது முன்னால் நடந்தது, எது பிறகு என்று கேட்டால் எனக்கே சந்தேகம் வருகிறது. படுத்துக்கொண்டு வரிசைப்படுத்திப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும். ஆனால் நடந்தது நடந்ததுதான். நம்பாதவர்கள் யாங்ஜினைக் கேட்டுப் பாருங்கள். எழுந்து போய்விடுவாள்.

எங்கள் ஊர் காளி கண்டகியின் மேற்குக் கரை. எதிரே காக்பேனி. மழைக்கால வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் கல் பொறுக்கப் போவோம். கறுப்பு உருண்டைகள். இந்த மலையெல்லாம் கடலடியாக இருந்த காலத்துப் பிராணி ஒன்று உள்ளே சுருண்டு கல்லாகிக் கிடக்கும். உடைக்காத கல்லைச் சாளக்கிராமம் என்று முக்திநாத் போகிற பக்தர்கள் வாங்குவார்கள். உடைபட்டுச் சுருள் தெரிகிற கல்லை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள்.

ஆற்றில் இறங்க இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது காற்று. மதியம் நெருங்கும்போது தெற்கிலிருந்து கிளம்பி, மணலை வாரி முகத்தில் அடிக்கும். மேலே பனி உருகுவதால் அதற்குப் பின்னாலேயே தண்ணீரும் ஏறும். அதனால் ஆற்றில் நாங்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. காற்று கிளம்பினால் கரையேறிவிடுவோம்.

அடுத்தது தட்டு. ஆற்று இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுவோம். இரண்டு தட்டு என்றால், 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?' அது காதில் விழுந்தவர் அதே மாதிரி இரண்டு தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தேடிப் போக வேண்டும். ஆகையால் யாரும் தனியாக ஆற்றுக்குப் போவதில்லை. காக்பேனி தொக்மே மட்டும் போவார். கூட்டாளியோடு சண்டை போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு நானும் யாங்ஜினும் போனோம். என் கணவரின் தங்கை. இருபது வயது.

"அண்ணி, அங்க பாருங்க. தொக்மே மாமாவோட கூடை. நமக்கு முன்னாடியே வந்துட்டாரு மனுஷன். தூங்கவே மாட்டாரா?"

"பேச ஆளில்லாத வீட்டுல படுத்துக் கெடந்து என்னடி பண்றது?"

எதிர்க்கரையில் ஒரு பாறையடியில் கூடை இருந்தது. ஆளைக் காணோம். பாறைக்கு அந்தப் பக்கம் இருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

யாங்ஜின் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகினாள். ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டு. காலையில் முழங்கால் தண்ணீர்தான்.

"நல்ல கல்லெல்லாம் திட்டுலதான் ஒதுங்கும். நீங்க கரையிலேயே உக்காந்து மிச்சம் மீதியப் பொறுக்குங்க."

"வாய் மட்டும் கொறைச்சலில்ல. காத்து கெளம்பினா ஒடனே வந்துரணும். ஒனக்கு நீச்சல் தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா ஒங்க அண்ணனுக்கு நான் பதில் சொல்லணும்."

"சொல்லுங்களேன். பேசறதுல நீங்க என்ன கொறைஞ்சவங்களா!"

சிரித்துக்கொண்டே போனாள்.

நான் குனிந்து வேலையில் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் கேட்டது.

டக்... டக்.

நிமிராமல் பதில் தட்டினேன்.

முதல் கல்லை உடைத்தேன், உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது நடுவில் பிளந்து, சுருள் முழுசாக, பொன்னிறமாக மின்னியது. நாவால் நனைத்துப் பார்த்தேன். மறுபடி டக், டக். பதில் தட்டினேன். கொண்டுவந்த ரொட்டியைத் தின்றேன். வெண்ணெய்த் தேநீர் குடித்தேன். டக், டக். என்ன இவள், இன்றைக்கு இவ்வளவு தடவை கேட்கிறாள்? பயமாக இருக்கிறதோ? பதில் தட்டினேன்.

மறுபடி பசித்தது.

அது எனக்கு உறைக்கவில்லை. காற்று வரவில்லையே. அப்படியென்றால் இன்னும் காலைதான். உடம்பு ஏனோ ஓரிடத்தில் இருக்க மறுத்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன். சுத்தியலைக் கை மாற்றினேன். புதருக்கு மேல் ஒரு தூசி எழவில்லை. ஒரு காக்கை இல்லை.

அப்போதுதான் என் நிழலைப் பார்த்தேன்.

காலையில் அது எனக்குப் பின்னால், மலைப் பக்கம் கிடந்தது. இப்போது முன்னால், ஆற்றின் மேல் நீண்டு கிடந்தது.

மதியம் எப்போதோ தாண்டியிருந்தது.

நிமிர்ந்தேன். திட்டு ஒரு கம்பளி அகலத்துக்குச் சுருங்கிப்போயிருந்தது. சுற்றிலும் சாம்பல் நிறத் தண்ணீர், சுழித்துக்கொண்டு. யாங்ஜின் எனக்குப் பக்கவாட்டில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கத்தினேன். திரும்பவில்லை. கல் எறிந்தேன். பாதி தூரத்தில் விழுந்தது.

டக்... டக்.

அவள் கை இரண்டும் மடியில் இருந்தன.

அசையவில்லை.

பழக்கம். என் கை தானாகப் பதில் தட்டியது. உடனே யாங்ஜின் மடியிலிருந்து இரண்டு கல்லை எடுத்தாள். இரண்டு தட்டு தட்டினாள். மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் என்னைக் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்கிறாள்.

அப்படியானால் என்னைக் கேட்பது யார்?

டக்... டக்.

சத்தம் திட்டிலிருந்து வரவில்லை. திட்டுக்கும் எனக்கும் நடுவில். தண்ணீரிலிருந்து.

நான் தட்டுகிற வரைக்கும் அவள் எழுந்திருக்க மாட்டாள். கரையில் நான் இருக்கிறேன், நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பாள். நிறுத்தினால்தான் தேடி வருவாள்.

கல்லைக் கீழே போட்டேன்.

டக், டக்.

கை எழுந்தது. தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

டக், டக்.

கிட்டத்தில்.

டக், டக். டக், டக்.

பயமுறுத்துகிற சத்தமாக இல்லை அது... கெஞ்சுகிற சத்தம்.

உதட்டைக் கடித்தேன். உப்பாக இருந்தது.

டக்...

ஒரே ஒரு தட்டு. என் காலடியில்.

அப்புறம் இல்லை.

யாங்ஜின் தலையைத் தூக்கினாள். திரும்பினாள். தண்ணீரைப் பார்த்து வாய் பிளந்தது. இறங்கினாள். இடுப்பு. மார்பு. கரைக்குக் கிட்டே வந்ததும், இடுப்பில் சுற்றியிருந்த நீளத் துணியை அவிழ்த்து வீசினேன். இரண்டாம் வீச்சில் பிடித்தாள். இழுத்தேன்.

அவள் கரையில் விழுந்த நொடியில் காற்று வந்து அறைந்தது. பூராவும், ஒரே அடியாக.

நனைந்த துணியைப் பிழிந்தாள். பிறகு பல் கிடுகிடுக்கச் சொன்னாள்.

"நீங்க தட்டறத நிறுத்திட்டீங்க. ஒங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்."

"மொதல்ல தட்டினது நீதானே?"

"நானா? காலையிலேர்ந்து நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. நான் பதில் குடுத்தேன். ஒரு தடவ கூட நானா தட்டல அண்ணி."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டு வாசலில் என் கணவர் கத்தினார். "எங்கடி போய்த் தொலஞ்சீங்க ரெண்டு பேரும்? மதியத்துலேர்ந்து காத்து கூரையப் பிச்சு எறியுது. கொடிமரம் ஒடஞ்சு விழுந்து கெடக்கு. கண்ணு தெரியலையா?"

மறுநாள் தொக்மேயின் உடல் கீழே ஜோம்சோம் பக்கத்தில் ஒதுங்கியது. தண்ணீரில் விழுந்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். தொக்மேயின் பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார், நாங்கள் போனதற்கு முதல் நாள் மாலையே அவருடைய கோவேறு கழுதை தனியாகத் திரும்பி வந்ததாக. நாங்கள் பார்த்த கூடை முதல் நாள் வைத்தது.

தொக்மே கைக்கு ஒரு கல்லாக இறுகப் பிடித்திருந்தார். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

தட்டியிருப்பார். பதில் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மறுநாள் நாங்கள் சொன்னோம். பிறகு நானும் நிறுத்திவிட்டேன்.

தொக்மேயை அந்தக் கற்களோடேயே எரித்தார்கள். தீ மூட்டியது அந்தப் பழைய கூட்டாளி. கோவேறு கழுதையையும் அவரே வைத்துக்கொண்டார். யாங்ஜின் பொக்காராவில் ஒரு விடுதியில் சமைக்கிறாள். திருவிழாவுக்கு வருவாள், ஆற்றுப் பக்கம் வர மாட்டாள். நான் இப்போதும் கல் பொறுக்கப் போகிறேன், என் கணவரோடு. இரண்டு தட்டு கேட்டால் முதலில் நிமிர்ந்து அவர் கையைப் பார்க்கிறேன். பிறகுதான் பதில் தட்டுகிறேன்.