மரத்துக்காரியிடம் கேளுங்க, பாய்

போன மாதம் ஒரு போன் பேசினேன். பேசியது நான், வியர்த்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு.

துபாய் அல் கூஸில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு கோல்ட் ஸ்டோர். நடத்துபவர் கீழக்கரைக்காரர், ஜமால் பாய். தான்சானியாவிலிருந்து அவகேடோ – பட்டர் ஃப்ரூட் என்போமே, அதுதான் – வரவழைத்து சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் கொடுக்கிறார். போன சீசனில் வந்த சரக்கு பழுக்கவே இல்லை. ரப்பர் மாதிரி கிடந்து, சுருங்கி, குப்பைக்குப் போனது. முத்தாமல் பறித்தால் அப்படித்தான் ஆகுமாம். இந்தத் தடவையும் அதே கதை என்றால் ஸ்டோரை மூடி, விசாவை கேன்சல் பண்ணிவிட்டு ஊர் போக வேண்டியதுதான். மனுஷர் சோறு இறங்காமல் திரிந்தார்.

"நாளைக்குப் பறிக்கப் போறாங்க தங்கச்சி. காய் முத்திருச்சான்னு கேட்டா, எஸ் பாஸ், எஸ் பாஸ்ங்கிறான். போன வருசமும் இதேதான் சொன்னான்."

"யாரு?"

"ஜோசப்."

"அவர் தோட்டமா?"

"இல்ல... அது பொம்பளைங்க சங்கத்துத் தோட்டம். அவன் சம்சாரம் நீமாதான் தலைவி."

விவரம் மெல்ல மெல்ல வந்தது. மலைச்சரிவில் மரத்தை வெட்டிக் கரி சுட்டுப் பிழைத்த ஊராம் அது. மழையோடு மண்ணும் போகத் தொடங்கியதும், பெண்கள் ஒன்றுகூடி அதே சரிவில் அவகேடோ நட்டிருக்கிறார்கள். தண்ணீர் சுமப்பதிலிருந்து காய் பறிப்பது வரை அவர்கள்தான். ஜோசப்? அவர் டவுனில் பைக் டாக்ஸி ஓட்டுகிறார். தோட்டப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

ஆக, இரண்டு சீசனாக எங்கள் பாய் அவகேடோ முத்திவிட்டதா என்று ஒரு பைக் டாக்ஸிக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நீமா நம்பர் இல்லையா?"

"இருக்கு. அடுத்தவன் சம்சாரத்துக்கு நேரா போன் போடுறது... மரியாதையா இருக்காது. நீங்க பேசுங்களேன்."

"என்கிட்ட மட்டும் தினமும் பேசுறீங்களே?"

"நீங்க தங்கச்சியாச்சே," என்றார், இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

கெட்டவர் இல்லை. மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையில் ஒரு கன்டெய்னர் பழம் குப்பைக்குப் போயிருக்கிறதே...

போட்டேன். நீமா சரளமாக ஆங்கிலம் பேசினார். நாளைக்குப் பறிக்கிறீர்களாமே என்றதும் பொரிந்து தள்ளினார்.

"துபாய்க்காரர் நாளைக்கே வேணும்னு பிடிவாதமா நிக்கிறார்னு ஜோசப் சொன்னார். மேட்டு மரங்கள்ல காய் முத்த இன்னும் ரெண்டு வாரம் ஆகும். போன தடவையும் சொல்லி அனுப்பினேன். நீங்க கேக்கலைன்னா நாங்க என்ன பண்றது?"

"நான் எப்ப பிடிவாதம் பிடிச்சேன்?" என்று பாய் என் காதில் குசுகுசுத்தார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். "தங்கச்சின்னா பேசலாம்ல? இவங்க குரலைக் கேட்டா உங்களுக்கு மூத்தவங்க மாதிரி இருக்கு. அக்கான்னு கூப்பிட்டுப் பேசுங்க."

தொண்டையைச் செருமினார். "லாத்தா..." என்றார். அவர் ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "சிஸ்டர்" என்றார்.

அதற்குமேல் என்னை யார் கண்டுகொண்டார்கள்? கீழ்ச்சரிவில் முத்திய காய் மட்டும் இப்போது. மேட்டுக் காய் பிறகு. பாதிச் சரக்குதான் வரும். "சூப்பர் மார்க்கெட்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன் சிஸ்டர், நீங்க சொல்றப்ப பறிங்க" என்று முடித்தார்.

ஜோசப் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும், ஆம்பளையாச்சே. பாயிடம் எஸ் என்றாகிவிட்டது; அதைக் காப்பாற்றத்தான் நீமாவிடம் அந்தப் பிடிவாதக் கதை. எங்கள் ஃப்ளாட்டிலும் அடுப்பு ரிப்பேருக்கு வருகிறவர் என் கணவரிடம்தான் "என்ன கம்ப்ளெய்ன்ட் சார்" என்பார். எந்த பர்னர் எரியவில்லை என்பதே சாருக்குத் தெரியாது. ஆனாலும் விளக்கமாகப் பதில் சொல்வார்.

இந்த வாரம் சரக்கு வந்து, பழுத்து, பாய் ஒன்றை எடுத்து வெட்டினார். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே வெண்ணெய். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மனுஷர் இனி ஊருக்குப் போவதென்றால் லீவில்தான் போவார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா எனக்கு?

"பாய், ஊர்ல உங்க தென்னந்தோப்பு எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு. மச்சான்கிட்ட வாராவாரம் கேட்டுக்குவேன். அவர் மதுரையில கடை வச்சிருக்கார்."

"தண்ணி பாய்ச்சுறது, ஆள் வச்சுக் காய் இறக்குறது எல்லாம்?"

"அது... வீட்லதான் பாத்துக்குறாக."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மனைவியிடம், "தோப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அந்தம்மா குரல் பதறியது.

"ஏங்க... எங்க அண்ணன் போனை எடுக்கலையா?"