ஒன்பதாம் பாகத்துக்குக் கீழே

இராணுவம் பிடித்திருந்த எங்கள் காணி திரும்பக் கிடைத்தபோது வீட்டில் ஒரு சுவரும் மிஞ்சியிருக்கவில்லை. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் பற்றையை வெட்டிக் கிணற்றையும் பார்த்து, பயமில்லை என்று சொன்னார்கள். அடியைப் பார்த்தீர்களா என்று மூன்று தரம் கேட்டேன். அடி எட்டவில்லை என்றார்கள். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் அப்படித்தான். சில கிணறுகள் கல்லைப் பிளந்துகொண்டு இறங்கிக்கொண்டே போகும்.

போரில் ஊர் இடம்பெயர்ந்த அன்று, மாட்டை அவிழ்த்துவிட்டு வாறன் என்று சொல்லி என் தம்பி பின்னால் நின்றான். வரவில்லை. எங்களுக்குப் பிறகு புறப்பட்டவர்கள், கிணற்றுக்கட்டில் அவனுடைய செருப்புச் சோடியைக் கண்டதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான் தெரியும். அன்றிலிருந்து அவனை நான் அந்தக் கிணற்றுக்குள்ளேதான் வைத்திருந்தேன். மானிப்பாயில் குடியிருந்த வீட்டில் யாராவது வாளியை இறக்கினால், அது தண்ணீரைத் தொடும்வரை என்னால் மூச்சு விட முடியாது.

அவன் மகன் அப்போது தாயின் வயிற்றில். நோர்வேயில் வளர்ந்தான். இப்போது அங்கே கடல் மீன் பண்ணைகளில் தண்ணீருக்கடியில் சுழியோடுவது அவன் தொழில். அவன் தாய் இன்றுவரை திவசம் செய்ய விடவில்லை. “செத்ததைக் கண்டது ஆர்?” என்பாள். போன வருடம் மகன் வந்தது அதைப் பார்க்கத்தான். தகப்பன் கிணற்றில் கிடந்தால் பொலிசுக்கு அறிவித்து, முறைப்படி எடுத்து, கொள்ளி வைத்துவிட்டுப் போவது என்று வந்தான்.

தண்ணீர் புகாத உடுப்பு ஒன்று கொண்டுவந்திருந்தான். கழுத்திலும் மணிக்கட்டிலும் றப்பர் இறுக்கம், நெஞ்சில் காற்றை ஏற்ற ஒரு வால்வு, தோளில் இறக்க ஒரு வால்வு. பழங்கிணற்றில் என்ன ஊறிக் கிடக்கிறதோ, தோலில் படக்கூடாது என்றான். காற்றுச் சிலிண்டர்களைத் திருகோணமலையில் வாடகைக்கு எடுத்தோம். ஈயத்தை விமானத்தில் யார் கொண்டுவருவது? குருநகரிலிருந்து ஒரு சங்குக் குளிகாரர் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்தார். கயிறு பிடிக்கவும் அவர்தான்.

உடுப்புக்குள் இருக்கும் காற்று ஆளை மிதக்கவைக்கும், அதை அமுக்கத்தான் ஈயம். நோர்வேக் கடலில் அவனுக்குப் பதினாலு கிலோ வேண்டும். அங்கே உள்ளே தடித்த கம்பளி போடுவான். இங்கே மெல்லிய பருத்தி. அதற்கு நாலு கிலோவைக் கழித்தோம். பிறகு மூன்று பேரும் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தோம். இனித்தது. கடல் தூக்குவதுபோல் நல்ல தண்ணீர் ஆளைத் தூக்காது. ஆகவே இன்னும் மூன்றைக் கழித்தோம். மிச்சம் ஏழு. யாழ்ப்பாணத்தில் கிணற்றைப் பற்றி எவரும் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான்: நல்ல தண்ணியா, உவரா? நல்ல தண்ணி என்றால் அதற்கு மேல் கேட்க மாட்டோம்.

குண்டுகளைத் தராசில் நிறுத்து, வாத்தியாராயிருந்த பழக்கத்தில் ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிப் பையில் போட்டேன்.

“மாஸ்டர் செபமாலை சொல்லுறார், ஒருத்தரும் கதையாதேங்கோ” என்றார் குளிகாரர்.

அவன் இறங்கினான். கயிற்றில் பாகத்துக்கு, அதாவது ஆறடிக்கு, ஒரு முடிச்சாகப் போட்டிருந்தேன். எட்டு முடிச்சுகள் ஒழுங்காகப் போயின. ஒன்பதாவதில் கயிறு நின்றது. குமிழிகள் மட்டும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. பிறகு அவனே மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினான்.

“பெரியப்பா, கீழ போகேலாமல் கிடக்கு. ஆரோ உள்ளங்காலை ஏந்திப் பிடிச்ச மாதிரி. உடுப்பிலை இருந்த காத்தெல்லாம் விட்டுப் பாத்தன். தோலைக் கிள்ளுது, எண்டாலும் இறங்கேல்லை.”

“தலைகீழாப் போறதுதானே?” என்றார் குளிகாரர்.

“போனால் மிச்சக் காத்து காலுக்கு ஓடும், அண்ணை. பிறகு நிமிரேலாது.” என் முகத்தைப் பார்த்தான். “அந்த இடத்திலை தண்ணி எண்ணெய் மாதிரி நெளியுது. அதுக்குக் கீழ வெள்ளையா என்னவோ கிடக்கு.”

குளிகாரர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கயிற்றைச் சுருட்டப் போனவன், அதன் அடி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

நிலத்துக்குள் இறங்கும் எங்கள் மழைத்தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது என்பதை எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்தவன் நான். அடியில் கிடந்தது கடல். நாங்கள் கழித்த மூன்று கிலோவைத்தான் அது தூக்கியிருக்கிறது. சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் தன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டேயிருந்தான்.

“அப்ப அந்த மூண்டையும் திருப்பித் தாங்கோ.”

“நல்ல தண்ணிக்குத் திரும்பி வரேக்கை அந்த மூண்டும் உன்னை இழுக்குமே?”

“உடுப்புக்குக் காத்தடிப்பன்.”

“மேல வர வர அது ஊதும். வால்வு அடைச்சுதெண்டால்?”

“பந்து மாதிரி வந்து கல்லிலை அடிபடுவன்.” சிரித்தான். “நோர்வேயிலை எனக்கு மேல ஒரு பெரியப்பாவும் நிக்கிறேல்லை.”

தகப்பனைக் கொடுத்த கிணற்றுக்கு மகனையும் கொடுக்க நான் தயாராயில்லை. மூன்று கிலோவைத் தனிப்பையில், தனிக் கயிற்றில் கட்டினேன். அதைக் கையில் பிடித்து இறங்க வேண்டும். திரும்பும்போது நெளியும் தண்ணீருக்கு வந்ததும் ஒரு இழுப்பு இழுத்துக் கையை விட வேண்டும். நாங்கள் தூக்கிக்கொள்வோம்.

ஒன்பதாவது முடிச்சு போனது. பத்து, பதினொன்று. பிறகு குமிழிகள் நின்றுவிட்டன. ஒரு இழுப்புக்கு ஒரு இழுப்புப் பதில் என்று பேசியிருந்தோம். இழுத்தேன். பதிலில்லை. ஆனாலும் மறுமுனையில் ஒரு பிடி இருந்தது. அது யாருடைய பிடி என்று எனக்குள் எழுந்த எண்ணத்தை இங்கே எழுத விரும்பவில்லை. ஈயக் கயிறு சுண்டியது. குளிகாரர் விறுவிறென்று இழுத்தார். ஈயம் மட்டும் வந்தது. தண்ணீர் கறுப்பாகச் சும்மா கிடந்தது. குமிழிகள் வந்த பிறகுதான் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தேன்.

மேலே வந்தவன் கழுத்து றப்பரை விரலால் விலக்கி மூச்சு வாங்கினான். “அப்பா அங்கை இல்லை.”

“வடிவாப் பாத்தனியோ?”

“ஓம். கல்லுக்குக் கீழ குனிஞ்சும் பாத்தன். அதுதான் குமிழி மேல வந்திராது, கயிறும் கல்லிலை இறுகியிருக்கும். வெள்ளையாத் தெரிஞ்சது கல்லு. ரெண்டு வாளியும் ஒரு கப்பியும் கிடக்கு.”

“கடல் பக்கம் பொந்து போகுதோ?”

“போகுது. கை போகும். தோள் போகாது, பெரியப்பா.”

உடுப்பைக் கழற்றுமுன்பே தாய்க்கு அழைத்தான். “நான் சொன்னனான் எல்லே” என்று அவள் சொல்வது எனக்கும் கேட்டது. குரலில் சந்தோஷம். திவசம் இல்லை என்று முடிவாயிற்று. குளிகாரர் அவன் தோளைத் தட்டினார். நானும் தட்டினேன்.

அவன் போய் மாதங்களாகின்றன. கிணறு இப்போது என்னை ஒன்றும் செய்வதில்லை, இறைத்துக் குளிக்கிறேன். ஆனால் தம்பி அங்கே இல்லையென்றால் அவனுக்கு இடம் என்று ஒன்றில்லை. வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் அவன் இருக்கலாம். புதிதாகக் கட்டிய வீட்டு வாசல் படலையடியில் சைக்கிள் ஒன்று நின்றால் எழுந்து போகிறேன்.

“அது மீன்காரன்” என்கிறாள் மனைவி உள்ளேயிருந்து. “அவன்தான் ஹோர்ன் அடிக்கிறானே, கேக்கேல்லையோ?”

கேட்கிறது. இருந்தாலும் ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.