பல்செட்டுக்காரர் கொன்ற விமானி

பல்செட்டுக்காரர் ஒரு கார்ட்டூனுக்காகத் தன் மகளின் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மாப்பிள்ளையாக வரவிருந்தவர் அந்த ஜப்பானிய ரோபோ தொடரை முதலிலிருந்து பார்க்காமல் நடுவிலிருந்து பார்த்துவிட்டாராம். 'ஆரம்பமே சரியில்லை, குடும்பம் எப்படி நடத்துவான்' என்று இவர் கையை விரித்துவிட்டாராம். பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்தான் சொன்னார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான்" என்றார். எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதில் பாதியாவது பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

பல்செட்டுக்காரரின் வேலையிடம் அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. டாக்டர் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கொதிநீரில் வேகவைத்து எடுத்து, சக்கரத்தில் மெருகேற்றி அனுப்புவார். இந்தப் பகுதியில் வயதானவர்கள் யாராவது வாய் விட்டுச் சிரித்தால் அதில் பாதிக்கு மேல் அவர் சிரிப்பு. அறையின் ஒரு பக்கம் பல். மறுபக்கம் ரோபோ. அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் ரோபோக்கள், ஒவ்வொன்றும் அவரே துண்டு துண்டாக ஒட்டிச் செய்தது. ஒன்றுக்கு இடது தோள் உடைந்து, ஈறு செய்யும் இளஞ்சிவப்புக் கலவையை வைத்து அடைத்திருந்தார். உலகத்தைக் காக்கப் போன இயந்திரத்துக்கு ஈறு வீங்கியதுபோல் இருந்தது.

அந்தத் தொடருக்கு ஜப்பானில் வாயில் நுழையாத ஒரு பெயர். இங்கே அதை 'விண்கவசம்' என்பார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக வந்துகொண்டே இருக்கிறது. தொடர், படம், கிளைக்கதை, கிளைக்கதைக்கு முன்கதை என்று குடும்பம் பெருகிவிட்டது. அதில் நமக்கு ஒரு சௌகரியம், பகுதிக்குப் பகுதி வேறு காலம், வேறு உலகம், ரோபோவின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டும் வேறு விமானி. ஒன்றில் நடந்தது இன்னொன்றில் பேச்சுக்கே வராது. அசௌகரியமும் அதுதான். எங்கே ஆரம்பிப்பது என்று யாருக்கும் தெரியாது.

தெரியாதவர்கள் பல்செட்டுக்காரரிடம் வந்தார்கள். மற்ற இடங்களில் இந்தக் கேள்விக்குக் கட்சி கட்சியாகப் பதில் கிடைக்கும். வெளிவந்த வரிசையில் பார் என்பது ஒரு கட்சி, கதை நடக்கும் வருட வரிசையில் பார் என்பது இன்னொன்று. படம் நன்றாக வரைந்திருப்பதிலிருந்து பார் என்று சொல்பவர்களை இரண்டு கட்சியும் சேர்ந்து அடிக்கும். பல்செட்டுக்காரரிடம் கட்சியெல்லாம் கிடையாது. "முதல் பகுதி. முதல் அத்தியாயம். தாண்டக் கூடாது, ஓட்டக் கூடாது. முடிச்சுட்டு வா, பேசலாம்" என்பார், கையில் யாருடையதோ கீழ்த்தாடையைப் பிடித்துக்கொண்டு. வரும் ஆளும் அந்தத் தாடையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்.

முடித்துவிட்டு வந்தேன் என்று சொன்னவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ஸ்டூல் போடுவார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்பார்: "கடைசியில, அந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே... கையை எடுக்கவே இல்ல, கவனிச்சியா?"

வந்தவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கவனித்தேன் என்பார்.

விஷயம் இதுதான். முதல் பகுதியின் முடிவில் ஒரு விண்வெளி நகரம் உடைகிறது. உள்ளே இருக்கும் ஜனங்கள் கப்பல்களில் தப்பிக்க வேண்டும். நகரத்தின் பெரிய கதவு மூடிக்கொண்டு வர, கதாநாயகன் தன் ரோபோவின் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடிக்கிறான். கப்பல்கள் போய்விடுகின்றன. தீ வருகிறது. திரை முழுக்க வெள்ளை. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்த தொடரில் கதாநாயகனைச் சாகவிட்ட தைரியம் வேறு யாருக்கு வரும் என்று பல்செட்டுக்காரர் கேட்பார். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கும் தாடையைக் கீழே வைத்துவிடுவார். மறுபடி பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால், அந்த வலி ஒரு தடவை போதும் என்பார். கேட்டவர்களுக்கே கண் கலங்கிவிடும்.

நான் முதலில் போய்ப் பார்த்தது அவருடைய மகளை. காது கேட்கிறதா என்று சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க ஒலி கேட்கிறதா கேட்கிறதா என்று அடுத்தவர்களைக் கேட்டுக் கேட்டு, பேச்சில் ஒரு சொல்லையும் வீணாக்காத பெண். வதந்தியைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை.

"நடுவுலேருந்து பாக்கல. முதல்லேருந்துதான் பாத்தார். அதான் பிரச்சினை" என்றார்.

பையனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பிப்பது தொழிலிலேயே ஊறிய ஆள். இவர்கள் இருவருக்கும் பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, பல்செட்டுக்காரரும் அரை மனதாகத் தலையாட்டியிருந்த நேரம். மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க என்ன செய்யலாம் என்று பையன் மகளைக் கேட்டிருக்கிறார். விண்கவசத்தை எங்கே ஆரம்பிப்பது என்று அப்பாவையே கேளுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். கேட்டார். பதில் கிடைத்தது. கிடைத்ததை அப்படியே செய்தார். லிஃப்ட்டின் மொட்டைமாடி இயந்திர அறையில், சாப்பாட்டு நேரத்தில், கிரீஸ் படிந்த கைபேசியில் ஒரு அத்தியாயத்தையும் தாண்டாமல், ஓட்டாமல், முழுத் தொடரையும் பார்த்தார். பழைய தொடர், படம் நடுங்கும், பாதி அத்தியாயங்களில் நடந்து போவதைத் தவிர ஒன்றும் நடக்காது. ஆனாலும் பார்த்தார். அன்பு என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனும் அவர் அம்மாவும் பெண் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கல்யாணத் தேதி பேசுவதற்காக. பையனின் அம்மா தையல் பள்ளி நடத்துபவர், கணவர் இல்லை, மகனைத் தனியாக வளர்த்தவர். சாப்பாடு முடிந்து எல்லாரும் கை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பல்செட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்து, முடித்தாயிற்றா என்று கேட்டார். முடித்துவிட்டேன் மாமா என்றார் பையன். மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பல்செட்டுக்காரர் வழக்கம்போல் தாழ்ந்த குரலில், கையை எடுக்கவே இல்லை, கவனித்தீர்களா என்றார்.

"எடுத்துட்டானே மாமா."

"என்ன?"

"கையை. அந்த வெள்ளைக்கு அப்புறம் ரோபோவோட நெஞ்சு திறக்கும். ஒரு கால்ல செருப்பு இல்லாம நொண்டிக்கிட்டே வெளிய வருவான். தண்ணி இருக்கான்னு கேப்பான். அதோட முடியுது."

நீங்கள் பார்த்தது ஏதோ போலி என்றார் பல்செட்டுக்காரர். இல்லை மாமா, நீங்கள் சொன்ன வரிசைதான் என்றார் பையன், உதவி செய்கிற குரலில். அவர் அம்மா இடையே வந்து, அவன் ஒன்று விடாமல் பார்த்தான், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்த நாள் உண்டு என்று பெருமையாகச் சொன்னார். சமாதானமாகத்தான் சொன்னார். பல்செட்டுக்காரருக்கு அதுவும் கேட்டது வேறு மாதிரி.

"ஒரு படத்தையே ஒழுங்கா பாக்கத் தெரியாத ஆளு, என் பொண்ணை என்னத்தப் பாத்துக்கப் போறாரு?"

சொல்லிவிட்டார். வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப எடுத்துப் பொருத்தும் வேலை அவருக்குக் கைவந்த கலை என்று நீங்கள் நினைக்கலாம். பல்லுக்குத்தான் அது. பையனின் அம்மா கைத்துண்டை மடித்து மேசையில் வைத்தார். எழுந்தார். தேதி பேசாமலே போனார்கள். அடுத்த நாளே பேச்சு கிளம்பிவிட்டது. ஆரம்பித்த இடம் தப்பு என்பதற்காக மறுத்துவிட்டார் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். ஆரம்பித்த இடமும் சரி, முடித்த இடமும் சரி. அந்தப் பையன் செய்த குற்றமே அதுதான்.

"அப்பாவுக்கு அன்னைக்குக் கோபம் வரல. வெக்கம். ரெண்டும் அவருக்கு ஒரே மாதிரிதான் வெளிய வரும்" என்றார் மகள்.

வெட்கம் எங்கிருந்து வந்தது என்று பல்செட்டுக்காரரிடமே கேட்க வேண்டியிருந்தது. ஒரு மேல்தாடையை மெருகேற்றிக்கொண்டிருந்தார். சக்கரத்தை நிறுத்தவே இல்லை. அந்த இரைச்சலின் மேல்தான் சொன்னார், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல்.

வேலை கற்றுக்கொள்ளும் வயதில், கூட வேலை பார்த்த ஒருவர் கொடுத்த வீடியோ கேசட்டில்தான் முதல் பகுதியைப் பார்த்திருக்கிறார். அது பிரதியின் பிரதி. பதிவு செய்தவர் கேசட்டின் நீளத்தைப் பார்க்காமல் பதிந்திருக்கிறார். திரை வெள்ளையான இடத்தில் நாடா முடிந்துபோயிற்று. இவர் அதைக் கலை என்று நினைத்துவிட்டார். அழுதிருக்கிறார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை, உறவில் ஒரு சாவு என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, ஒரு பல்செட்டை வேகவைத்துவிட்டு அது ஆறும்வரை உட்கார்ந்து முடிவைப் பார்த்தாராம். நெஞ்சு திறந்தது. நொண்டிக்கொண்டு வந்தான். தண்ணீர் கேட்டான்.

"சந்தோஷமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருக்கணும்ல?" என்றார். சக்கரத்தின் பக்கமே குனிந்திருந்தார். "உயிரோட இருக்கான். இத்தனை வருஷம் நான் சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச துக்கம் என்ன ஆச்சு? அவனை, 'ஏன்டா வெளிய வந்த?'ன்னு கேக்கத் தோணிச்சு. அப்படி ஒரு மனுஷன் நான்."

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடித்தது. இத்தனை பேரை முதல் பகுதி பார்க்க அனுப்பியிருக்கிறாரே, முடித்துவிட்டு வந்தவர்களில் ஒருவர்கூடவா சொல்லவில்லை? அவருடைய முதல் சீடர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். போய்க் கேட்டேன். அவர் கடையின் கண்ணாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன, அவர் மட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் தூங்கிப்போனதாகச் சொன்னார். பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாராம். பல்செட்டுக்காரர் 'கையை எடுக்கவே இல்லை' என்றதும், ஓ, செத்துவிட்டான் போல என்று புரிந்துகொண்டு முகத்தை வைத்துக்கொண்டாராம். மற்றவர்கள்? எல்லாரும் அப்படித்தான் என்று இருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் நெளிந்தார்கள். அந்த விமானியின் மரணத்துக்கு இத்தனை வருடமாக ஒரு கூட்டமே துக்கம் அனுசரித்திருக்கிறது, ஒருவரும் பார்க்காமல். உண்மையாக உட்கார்ந்து பார்த்த ஒரே ஆளைத்தான் வீட்டிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இதை நான் போய் பல்செட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொன்னேன். அன்றைக்கு ஆறு பல்லைத் தப்பாக நட்டார், பிறகு பிடுங்கினார்.

மகள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது என்றார் பல்செட்டுக்காரரின் மனைவி. காலையில் போகிறேன், மாலையில் வந்தேன், அவ்வளவுதான். பையனோ, எனக்கு ஒன்றுமில்லை, அம்மா முன்னால் சொன்னதுதான் என்று நிறுத்திக்கொண்டாராம். கடைசியில் மகளே அப்பாவிடம் சொன்னார்: அவங்க அம்மா எதிரில் விழுந்த சொல், அவங்க அம்மா எதிரிலேயே எடுத்துக்கணும். தப்பு என் மேலதான்னு சொல்லணும். நீங்க போனாத்தான் நான் தேதி கேப்பேன், இல்லாட்டிக் கேக்கமாட்டேன்.

அவர் போனார். என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டார், எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

தையல் பள்ளியில் வகுப்பு முடிந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா தேநீர் கொடுத்தார். பல்செட்டுக்காரர் தேநீரைப் புகழ்ந்தார். தையல் இயந்திரங்களைப் புகழ்ந்தார். அந்த அம்மாவின் கத்தரிக்கோலின் திருகு ஆடுவதைப் பார்த்து, பாக்கெட்டிலிருந்து தன் சின்ன இடுக்கியை எடுத்து இறுக்கிக் கொடுத்தார். இன்னொரு கத்தரிக்கோலையும் கேட்டு வாங்கி இறுக்கினார். வெயிலைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றியும் பேசினார். சொல்ல வந்ததைத் தவிர எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, நேரமாயிற்று என்று எழுந்தார். செருப்பை மாட்டும்போது காது மடல்கூடச் சிவந்திருந்தது.

அந்த அம்மா வாசல் வரை வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்துல வர்ற பையன் செத்தானா, இல்லையா?"

பல்செட்டுக்காரர் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாகல."

"அப்ப என் மகன் சரியாத்தான் பாத்திருக்கான்."

"ஆமாங்க. சரியாத்தான்."

"சரி, அது ஆச்சு" என்றார் அந்த அம்மா. கதவை மூடவில்லை. "இன்னொண்ணு பாக்கி இருக்கு. அன்னைக்கு என் முன்னால சொன்னீங்களே, அது."

அவர் பாக்கெட்டிலிருந்து மறுபடி அந்த இடுக்கியை எடுத்தார். அந்த அம்மா இடுக்கியைப் பார்த்தார்.

"இன்னொரு நாள் வாங்க. கத்தரிக்கோல் இன்னும் நாலு இருக்கு" என்றார்.