உள்ளே போகாத சீட் பெல்ட்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் கார் மெக்கானிக் ஷெட் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் என் மூக்கு இன்னும் கிரீஸ் வாசனையைத் தேடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு அடிக்கடி நினைவுக்கு வருவது நான் இறக்கி ஏற்றிய இன்ஜின்கள் இல்லை, ஒரு சீட் பெல்ட்தான்.

ஜெயந்தி பீன்யாவில் ஒரு பேக்டரியில் சூப்பர்வைசர். அவள் அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அம்மாவைக் காரின் முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணா, இந்தப் பக்கத்து பெல்ட் இழுத்தா வருது, விட்டா உள்ள போகவே மாட்டேங்குது. அம்மா மேல தொளதொளன்னு கெடக்குது. ஞாயித்துக்கெழம அப்பாவுக்குப் பூசை, தங்கவயல் போகணும். ஹைவேல பிரேக் அடிச்சா என்னண்ணா ஆவறது? எனக்கு இருக்கிறது அம்மா ஒருத்திதான்."

எங்கள் ஓனர் தூரத்திலிருந்தே கன்னடம் கலந்த தமிழில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஸ்பிரிங் போயிருக்கும் கணப்பா. ஹொஸது ஹாக்கிபிடு." புதியதைப் போடச் சொல்கிறார். எந்த பெல்ட் வந்தாலும் அவருக்கு ஸ்பிரிங்தான் போயிருக்கும்.

பெல்ட்டைச் சுருட்டிக்கொள்ளும் ரிட்ராக்டரைப் பிரிக்கவே கூடாது. ஸ்பிரிங் தெறித்தால் கண் போய்விடும். அதனால் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தேன். தோளுக்கு மேலே அது நுழைந்து வரும் வளையத்தில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. பெல்ட்டும் அப்படியே. முகர்ந்தேன். தைலம்.

"நெஞ்சுல தைலம் தடவாம அப்பா வண்டில ஏறவே மாட்டாரு," என்றாள் ஜெயந்தி. "சுரங்கத்து தூசிண்ணா. மூச்சு வாங்கும்."

நோய் தெரிந்துவிட்டது. மருந்து சோப்புத் தண்ணீர். பெல்ட் உள்ளே ஓடிவிடாமல் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிட்டு, பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தேன். அம்மா இறங்கவில்லை. பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தொவைக்காத தம்பி. அவரு வாசன இதுல மட்டுந்தான் இருக்குது. வீட்ல துணிமணி எல்லாத்தையும் தொவச்சி தானம் குடுத்துட்டாங்க."

"ஒனக்கு எதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?" ஜெயந்தி அழுதுவிட்டாள்.

"புதுசு போட்டுட்டு பழச உங்ககிட்டயே குடுத்துடறேம்மா. ஆனா ஞாயித்துக்கெழமக்குள்ள பார்ட்ஸ் வராது," என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. வேறு வேலை இருப்பதுபோல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே இறங்கி முந்தானையை இடுப்பில் செருகினார்.

"பக்கெட்ட இங்க வை தம்பி. வேத்தாளு கை வேணாம். ஷிப்டு முடிஞ்சி வந்தா அவரு துணிய நாந்தான் தொவப்பேன்."

கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். அழுதுகொண்டேதான் தேய்த்தார். எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் எங்கள் ஓனர் ரேடியோவை அணைத்துவிட்டு டீ வாங்கிவரப் போனார். வளையத்தை மட்டும் நான் துடைத்தேன்.

பெங்களூர் வெயிலை நம்ப முடியாது. பெல்ட் காய மத்தியானம் தாண்டியது. கிளிப்பை எடுத்ததும் சர்ரென்று உள்ளே ஓடியது. அம்மா உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். பெல்ட் தானாகவே இழுத்துக்கொண்டு நெஞ்சோடு படிந்தது. தலையைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

"வண்டிய எடுடி," என்றார் மகளிடம். "பயப்படாம ஓட்டு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, பெல்ட் உள்ளே போகவில்லை என்றால் ஸ்பிரிங்கைத் திட்டாதீர்கள், முதலில் அழுக்கைப் பாருங்கள். அதைக் கழுவும் முன், அந்த சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.