முட்டிக்குள் கேட்ட சத்தம்

அவளுடைய உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த பெயர் கொக்கு. வேறொருத்தி என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவள் அந்த உயரத்தைக் கைப்பந்து வலைக்கு மேலே கொண்டுபோய்க் காட்டினாள். எழும்பி ஓர் அடி அடித்தால், எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கள் பந்து எங்கே என்று தேடுவதற்குள் அது கோட்டுக்குள் விழுந்து வெளியே ஓடியிருக்கும். அந்த அடிக்காகவே ஒரு போக்குவரத்து நிறுவனம் அவளை அழைத்து ரசீதுப் பிரிவில் நாற்காலி போட்டுக் கொடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்ததைவிட மைதானத்தில் நின்றதுதான் அதிகம். கடைசியில் அணியின் பயிற்சியாளரையே கல்யாணம் செய்துகொண்டாள். "கொக்கு பறந்துடாம கோச்சு கூண்டு கட்டிட்டாரு" என்று அணிப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதியில்தான் அது நடந்தது. யாரும் அவளை இடிக்கவில்லை. எழும்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினாள். பாதம் தரையில் நின்றுவிட, முட்டி மட்டும் உள்பக்கமாகத் திரும்பியது. காய்ந்த குச்சி ஒடிந்ததுபோல உள்ளே ஒரு சத்தம். விழுந்தவள் கொஞ்ச நேரத்தில் எழுந்தும்விட்டாள். வலிகூடப் பெரிதாக இல்லை. ஆனால் வேனில் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

"ஏங்க, உள்ள டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

"நெட்டி முறிச்சாக்கூடத்தான் சத்தம் வருது. சுளுக்குடி. ஐஸ் வச்சுட்டுத் தூங்கு."

"காலை ஊனினா முட்டி தனியா வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

"ஃபைனலுக்கு முன்னாடி மனசுல பயத்தை விடாதே. இந்தக் கப்பு மட்டும் வரட்டும், பெரிய டீமுக்கு நம்மளைக் கூப்பிடுவாங்க."

'நம்மளை' என்றதில் தானும் இருப்பதாக அவள் நம்பினாள். மறுபேச்சுப் பேசாமல் முட்டியில் துணிக்கட்டை இறுக்கிக்கொண்டு இறுதிப் போட்டியில் இறங்கினாள். ஜெயிக்கிற நேரத்தில் முட்டி பக்கவாட்டில் மடிந்தது. இந்தத் தடவை அவள் போட்ட அலறல் வாசல் காவலாளிக்கும் கேட்டிருக்கும். பயிற்சியாளர் மாற்று ஆளை உள்ளே அனுப்பினார். அதற்குப் பிறகுதான் பெண்டாட்டியிடம் வந்தார்.

டாக்டர் முட்டியின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முதல்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி, திரும்ப ஆடவே விட்டிருக்கலாம். கிழிஞ்ச ஜவ்வோட குதிச்சதுல எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தையும் நைஞ்சு போச்சு. யாரும்மா உன்னை ஆடச் சொன்னது?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானாத்தான் ஆடினேன், டாக்டர்."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சொன்னா கேக்கணுமே, அவ்வளவு பிடிவாதம்" என்று போகிற இடத்திலெல்லாம் சொன்னார். பெரிய அணியிலிருந்து அழைப்பு வந்தது, அவருக்கு மட்டும். அவள் ரசீதுப் பிரிவுக்கு நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தாள். மாடிப்படி ஏறும்போதெல்லாம் முட்டிக்குள் மணல் அரைபடும். பாவம், அவருக்கு மட்டும் என்ன தெரியும், அவரென்ன டாக்டரா என்று மனதை ஆற்றிக்கொள்வாள். அந்தச் சமாதானத்தில்தான் குடும்பம் ஓடியது.

வருஷங்கள் கழித்து, அவருடைய அணியில் ஒரு பெண் பேர் வாங்க ஆரம்பித்தாள். ஒருநாள் பயிற்சியில் அந்தப் பெண் கீழே விழ, மைதானத்தை ஒட்டியிருந்த இவர்கள் வீட்டுக்கே கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கூடத்தில் படுக்க வைத்தார்கள். கொக்கு ஐஸ் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சாம்மா? காலை ஊனினா முட்டி விலகுதா? ஊனாதே, ஊனாதே. சாதாரணச் சுளுக்கு இவ்வளவு வேகமா வீங்காது. உள்ள ரத்தம் கட்டுது. ஜவ்வா இருக்கும், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். ஃபைனல் கெடக்கட்டும்."

"எப்படி சார் பார்த்ததுமே சொல்றீங்க?" என்றாள் அந்தப் பெண், அழுகைக்கு நடுவே.

"கோச் பரீட்சையில முதல் பாடமே இதானேம்மா. இதுகூடத் தெரியாம விசிலைத் தூக்கிட்டு மைதானத்துல இறங்க முடியுமா?"

ஐஸ் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை நீட்டக்கூட மறந்து நின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியதும் கேட்டாள். "அந்தப் பரீட்சையை எப்போ எழுதினீங்க?"

"அதுவா, நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டைப் பொத்தானில் கை நின்றது. "அப்போ வேற ஆள் இல்லடி. உன்னை விட்டா அடிக்க யார் இருந்தா?"

"எனக்கும்தான் வேற முட்டி இல்ல."

"இப்ப என்ன பண்ணச் சொல்றே? சோத்துக்கோ துணிக்கோ ஏதாவது குறை வச்சேனா?"

அவள் ஐஸ் பையில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெண்ணைப் பார்க்கப் போனாள். "உங்களுக்கும் இதேதானாமேக்கா? பிடிவாதமா ஆடினீங்கன்னு சார் சொல்வாரு" என்றாள் அந்தப் பெண்.

"பிடிவாதம் இல்லம்மா. அவர்தான் சுளுக்குன்னு சொல்லி ஆட வச்சார். தெரிஞ்சேதான் சொன்னார்."

கட்டில் பக்கத்தில் பழம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பேச்சு மைதானம் முழுக்கப் பரவ அதிக நாள் ஆகவில்லை. "என் மானத்தை வாங்கிட்டியே" என்று அவர் குதித்தார். பிறகு பேச்சை நிறுத்தினார். ஊர் வாய் கொஞ்ச நாள் மென்றது, அப்புறம் துப்பிவிட்டது. அவர் வேலைக்கோ பேருக்கோ ஒரு கீறலும் விழவில்லை.

காலம் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் குணமாகித் திரும்பி வந்தாள். முதல் ஆட்டத்துக்குக் கொக்கை அவளே வந்து அழைத்துக்கொண்டு போனாள். எழும்பினாள், அடித்தாள், இரண்டு காலிலும் அழகாக இறங்கினாள். தக்க சமயத்தில் காப்பாற்றிய பயிற்சியாளர் என்று ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள், கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண் ஓடிவந்து, "பார்த்தீங்களாக்கா!" என்று கொக்கைக் கட்டிக்கொண்டாள்.

"நீ நல்லா ஆடினேம்மா" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பாவம், அந்தப் பெண்மேல் என்ன தப்பு? சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, கூட்டம் கலைவதற்கு முன்பே நொண்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.