ஹோசியா டிரிம்பிள் ஏறிய தள்ளுவண்டி

இந்தியானா மாநிலத்தில் எங்கள் மில்ஃபோர்க் ஊர் முழுக்கக் குடியரசுக் கட்சி. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லாரையும் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். அவர்களில் மூத்தவர் பீப்பாய் செய்யும் ஹோசியா டிரிம்பிள். சிறுவயதில் அப்பாவோடு கென்டக்கியிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தவர். அப்பாவின் மூக்கு அவருக்கு வந்தது போலவே கட்சியும் வந்தது. இரண்டையும் மாற்றிக்கொள்ள அவர் நினைத்ததில்லை.

அப்போதெல்லாம் ஓட்டுச் சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கொடுக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எந்தக் கட்சி என்று காகிதத்தின் நிறம் சொல்லிவிடும். எதிர்க்கட்சிச் சீட்டு வைத்திருப்பவர்கள் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள். ஹோசியா தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்.

"பாம்பு வருது, வழி விடுங்கடா!" என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள்.

"பயப்படாதீங்கப்பா. கடிக்கிற அளவுக்கு உங்க யாருகிட்டயும் சதை இல்ல" என்பார் ஹோசியா.

பாம்பு என்று சொல்வது வெறும் கேலி அல்ல. ஒரு தேர்தல் முடிவை ஏற்காமல்தான் நாடு இரண்டாகப் பிளந்து போரில் இறங்கியது. தென் மாநிலங்களோடு நடந்த அந்தப் போரை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்களைத்தான் பாம்பு என்பார்கள். மாவு மில் வைத்திருந்த லூசியஸ் பேகார்டின் தம்பி அந்தப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. 1868 தேர்தலின்போது மில் வாசலில், "உன் கட்சிதான்டா என் தம்பியக் கொன்னுச்சு" என்று லூசியஸ் ஹோசியாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஹோசியாவும் கையை ஓங்கிவிட்டார். நடுவில் புகுந்த கொல்லர், "அடிச்சுக்காதீங்க, பந்தயம் கட்டுங்க" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் கட்சி தோற்றவர் ஜெயித்தவரை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, மில்லிலிருந்து நீதிமன்றப் படிக்கட்டு வரை தள்ள வேண்டும். வேறு யாரும் கை கொடுக்கக் கூடாது. வண்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். ஆனால் உட்கார்ந்திருப்பவர் கால் வழியில் தரையைத் தொட்டால் பந்தயமே செல்லாது.

அந்த முறை ஹோசியா தோற்றார். அடுத்த முறையும் தோற்றார். 1876இல் நாடு முழுவதும் அவர் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். ஆனாலும் குளிர்காலம் முழுக்க வாஷிங்டனில் சண்டை போட்டு, மார்ச் மாதத்தில் குடியரசுக் கட்சிக்காரருக்கு ஜனாதிபதி பதவியைக் கொடுத்தார்கள். பனி உருகிய சேற்றில் ஹோசியா வண்டி தள்ளினார், வழியெல்லாம் வாஷிங்டனைத் திட்டிக்கொண்டே. 1880இலும் தள்ளினார். லூசியஸ் சாய்ந்து உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு வருவார்.

சேவல் ஹோசியாவின் கட்சிக்குச் சின்னம் மாதிரி. ஒவ்வொரு தேர்தல் வருஷமும், ஜெயித்தால் மடியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போவதற்காக ஒரு சேவல் வளர்ப்பார். ஒவ்வொரு முறையும் அது சூப்பில் முடியும்.

1884இல் முடிவு தெரிய நாட்கள் ஆயின. எல்லாம் நியூயார்க் மாநிலத்தில் வந்து நின்றது. லட்சக்கணக்கான ஓட்டில் ஆயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். தந்தி வந்தபோது நாங்கள் ரயில் நிலையத்தில் நின்றிருந்தோம். போருக்குப் பிறகு முதல் முறையாக ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் ஜனாதிபதி. எல்லாரும் திரும்பி ஹோசியாவைப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த வருஷம் லூசியஸால் மூச்சு விட முடியவில்லை. காலமெல்லாம் சுவாசித்த மாவுத் தூசு நெஞ்சில் அடைத்திருந்தது. மாடி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்வார். அவர் மனைவி ஆர்மிண்டா பீப்பாய்ப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, நீங்கதான் வேணாம்னு சொல்லணும். நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு."

ஹோசியா அன்றே மில்லுக்குப் போனார்.

"லூசியஸ், ரோடெல்லாம் சேறா கெடக்கு. விட்டுடலாம்பா."

"நீ தள்ளினப்போ சேறு இல்லையா?"

"இருந்துச்சு."

"நான் ஒரு தடவையாவது எறங்கி நடந்தேனா?"

"எங்க நடந்த? சுருட்டுச் சாம்பல என் பூட்ஸ்லதான் தட்டின."

"அப்போ எனக்குப் பிச்சை போடாத. சனிக்கிழமை வந்து ஏறு."

சனிக்கிழமை ஊரே மில் வாசலில் கூடியது. நான் குடியரசுக் கட்சி வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பவன். தோற்றாலும் வாசித்தாக வேண்டும். ஹோசியா கல்யாணக் கோட்டுப் போட்டு, மடியில் சேவலோடு முன்னே பார்த்து உட்கார்ந்தார். லூசியஸ் கைப்பிடிகளைத் தூக்கினார். வண்டி ஆடியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

பள்ளிக்கூட மேட்டுக்கு வரும்போது லூசியஸின் மூச்சு, முரசையும் தாண்டி எனக்குக் கேட்டது. முதலில் நான் அடிப்பதை நிறுத்தினேன். பிறகு குழல்கள் நின்றன. அவர் நடந்த வேகத்துக்கே எல்லாரும் நடந்தோம். யாரும் சிரிக்கவில்லை. பாதி மேட்டில் வண்டி நின்றது. லூசியஸ் கைப்பிடியை விடாமல் குனிந்து இருமினார். ஆர்மிண்டா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஹோசியாவின் வலது கால் மெல்ல வண்டியின் விளிம்பைத் தாண்டி இறங்கியது. தரைக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது.

"காலைக் கீழ வச்ச... செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்" என்றார் லூசியஸ்.

ஹோசியா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தத் தள்ளுவண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பதை விடக் கடினமான வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. திரும்பிப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"இங்க நிறுத்தாத, பின்னாடி இழுக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளு. இடது பக்கம் தட்டையா ஒரு கல்லு இருக்கு. சக்கரத்த அதுல ஏத்திட்டு எறக்கி வை."

லூசியஸ் தள்ளினார். கல் இருந்தது.

"இது எப்ப கண்டுபிடிச்ச?"

"வாஷிங்டன்காரன் என்னை ஏமாத்தின வருஷம். மூச்சு வாங்கிக்க. அடுத்து தண்ணி பம்புகிட்ட ஒரு பள்ளம். கைப்பிடியத் தாழ்த்திப் பிடிச்சா தானா உருளும்."

"நாலு தடவை வந்திருக்கேன். ஒரு பள்ளமும் எனக்குத் தெரியாதே."

"நீ எங்க பாத்த? சுருட்டுதான பாத்த."

அப்போது பார்த்து சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது. இறுகிப்போயிருந்த கூட்டம் வெடித்துச் சிரித்தது. லூசியஸும் இருமலுக்கு நடுவே சிரித்தார். பிறகு கைப்பிடிகளைத் தூக்கினார். அப்படியே நின்று நின்று, ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு பள்ளமாக ஹோசியா சொல்லச் சொல்ல, வண்டியின் சக்கரம் நீதிமன்றத்தின் முதல் படியில் போய் முட்டியது.

ஒரு தேர்தலுக்காக லட்சக்கணக்கான பேரைப் புதைத்த நாடு இது. அந்த நாட்டின் ஆட்சி கைமாறியதை நான் அந்தப் படிக்கட்டில் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களும் கழற்றினார்கள்.

ஹோசியா இறங்கினார். பழக்க தோஷத்தில் நேராகப் பின்பக்கம் போய்க் கைப்பிடிகளைப் பிடித்தார்.

"எப்படி இருந்துச்சு சவாரி?" என்றார் லூசியஸ், படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே.

"நாலு தடவையும் உன் பிடரியத்தான் பாத்தேன். இன்னைக்குத்தான் ஊரைப் பாத்தேன். சரி, ஏறு."

"என்னது?"

"வர்றதுக்குத்தான்பா பந்தயம். திரும்பிப் போறதுக்கு ஏது சட்டம்?"

லூசியஸ் கூட்டத்தைப் பார்த்தார், ஆர்மிண்டாவைப் பார்த்தார். பிறகு ஏறினார். இந்த முறை முன்னே பார்த்து உட்காரவில்லை, ஹோசியாவைப் பார்த்து உட்கார்ந்தார். சேவலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட மேட்டில் இறங்கும்போது இருவரும் இறக்குமதி வரியைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டைக் கல் வந்ததும் ஹோசியா நிறுத்தினார். மூச்சு வாங்குவதற்காக அல்ல, கையை நீட்டி வாதாடுவதற்காக.