வலப்பக்கம் மேலே

நாணயத்தோடு ஒரு சிற்றேடு தருகிறார்கள். வழவழப்பான தாள். போர்ச்சுகீசியர் ஜப்பானியரைச் சந்தித்த நானூற்று ஐம்பதாம் ஆண்டு நினைவு என்று தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் சிற்பி பால்தசார் லொரேனாவைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். ஜப்பானியரின் மேலங்கி மடிப்பை அவர் எவ்வளவு நுணுக்கமாகப் பிடித்திருக்கிறாராம். படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மடிப்பை அவர் தொட்டதே இல்லை. அதை வெட்டியவர் டியோலிண்டா ஃபால்காத்தோ. இரண்டு தடவை வெட்டினார். முதல் தடவை தப்பாக.

முப்பத்தோரு வருஷமாக அவருடைய பதவி 'உதவியாளர்'. யாருக்கு உதவி என்று யாரும் கேட்டதில்லை. இருபது வயதில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து படகேறி லிஸ்பனுக்கு வந்து, எங்கள் பட்டறையில் பதக்கங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் சேர்ந்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் உளி பிடித்த ஆண்களைப் போர் ஆப்பிரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போனது. வேறு வழியில்லாமல் இவரை எஃகில் அச்சு வெட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தவர்களுக்குக் கை நடுங்கியது. இவருக்கு நடுங்கவில்லை. புரட்சி வந்தது, அரசாங்கம் மாறியது, பட்டறை வாசலில் பெயர்ப்பலகை மாறியது. உதவியாளர் மட்டும் மாறவில்லை.

கடைசி ஆறு வருஷம் எங்களுக்குக் கப்பல் வேலை. கடலோடிகள் எங்கே போய் இறங்கினார்களோ அதற்கெல்லாம் ஐந்நூறாவது ஆண்டு, நானூறாவது ஆண்டு நாணயம். "இன்னிக்கு எந்தக் கப்பல்?" என்று கேட்டுக்கொண்டேதான் டியோலிண்டா உள்ளே வருவார். "நேத்து வெட்டினது மூழ்கிடுச்சா?"

ஜப்பான் நாணயத்திலும் ஒரு கப்பல் உண்டு. அதற்கு முன்னால் துப்பாக்கியோடு ஒரு போர்ச்சுகீசியர், எதிரே மேலங்கி அணிந்த ஒரு ஜப்பானியர். சிற்பி தட்டு அளவில் சாந்து மாதிரியைச் செய்து அனுப்பினார். கப்பலில் கயிறு கயிறாக இழைத்திருந்தார். துப்பாக்கியின் திரி வரை தெரிந்தது. ஜப்பானியரின் கழுத்துக்குக் கீழே மட்டும் கட்டைவிரலால் அழுத்திவிட்ட மாதிரி ஒரு குழப்பம். தொலைபேசியில் கேட்டதற்கு, "அங்கே ஏதோ ஒரு மடிப்பு. நீங்களே பார்த்துக்குங்க" என்றாராம்.

டியோலிண்டா பார்த்துக்கொண்டார். மாதிரியிலிருந்து எதிர்வார்ப்பு எடுத்தோம். மேடு பள்ளமாகவும் இடம் வலமாகவும் மாறியிருக்கும். அதில்தான் கத்தியை வைத்து விவரங்களைக் கூர்மையாக்க வேண்டும். சுவரில் பழைய ஜப்பானியத் திரை ஓவியம் ஒன்றின் படத்தை ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து கழுத்து மடிப்பை வெட்டினார். அழகாக வந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். எதிர்வார்ப்பு முடிந்ததும் அதற்கு முன்னால் கண்ணாடியை நிறுத்தி, இரண்டு பேர் எழுத்துகளை உரக்கப் படிப்போம். ஒருவர் படிப்பார், மற்றவர் சரி என்பார். அன்று படித்தது டியோலிண்டா, சரி என்றது நான். ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை. எழுத்துக்குக் கண்ணாடி வைத்த நாங்கள் துணிக்கு வைக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் யாரும் வைத்ததில்லை. பிறகு இயந்திரம் ஐந்து வாரம் அரைத்து, அதை எஃகில் நாணய அளவுக்குச் சுருக்கியது.

புதன்கிழமை அந்த எஃகு அச்சில் ஈயத்தை அழுத்திச் சோதனைப் பதிப்பு எடுத்தோம். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்த டியோலிண்டா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"செத்துட்டான்" என்றார்.

"யாரு?"

"இவன்தான். நான் கொன்னுட்டேன்."

அவர் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்தளத்தில் ஷிசுயே என்ற ஜப்பானியப் பெண்மணி இருக்கிறார். கணவர் டெய்ஜி கப்பல் சமையல்காரராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஜனவரியில் இறந்துபோனார். உறவுக்காரர் யாருமில்லை. உடலுக்கு உடுத்திவிட டியோலிண்டாதான் போனார். ஷிசுயே மேலங்கியின் வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மடித்தாராம். மாற்றிப் போடுகிறாரே என்று இவர் கையை நீட்டியிருக்கிறார். ஷிசுயே அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, உடைந்த போர்ச்சுகீசில் சொன்னாராம்: "உயிரோட இருந்தா இடப்பக்கம் மேல. இனிமே இவருக்கு இப்படித்தான்."

ஓவியத்தில் இருந்தபடியே எதிர்வார்ப்பில் வெட்டியதால், ஈயத்தில் இருந்தவருக்கும் வலப்பக்கம் மேலே வந்திருந்தது. எங்கள் நாட்டுக்காரர் துப்பாக்கியோடு நிமிர்ந்து நிற்கிறார். எதிரே ஒரு பிணம் நின்று வரவேற்கிறது.

முதலாளி அன்செல்மு குவாரெஸ்மா ஈயத் துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு டியோலிண்டாவைப் பார்த்தார். சிற்பி பிழை செய்திருந்தால் அவருக்குப் பயம் வந்திருக்கும். இது உதவியாளர் பிழை.

"ஆக, தப்பு உங்களோடது."

"என்னோடதுதான். அதனாலதான் கேக்கறேன். ஒரு நாள் குடுங்க. எஃகு இன்னும் இளசாத்தான் இருக்கு. இடப்பக்கத்த ஆழமா வெட்டினா அது மேல வந்துடும், பழைய விளிம்பு அதுக்குள்ளயே மறைஞ்சுடும்."

"வெள்ளிக்கிழமை காலையில கெட்டிப்படுத்த உலைக்குப் போகுது, டோனா டியோலிண்டா. மாஸ்டர் லொரேனா ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்ட உருவம். அரசாங்கம் முத்திரை குத்தின உருவம். அதுல நீங்க கைவெச்சா நான் பதில் சொல்லணும்."

"மாஸ்டர்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு? உங்க கழுத்த எங்க உதவியாளம்மா திருப்பிப் போட்டுட்டாங்கன்னா?" அவர் சிரித்தார். "இங்க பாருங்க. மொதல்ல அந்தக் கப்பலே பொய். நம்ம ஆளுங்க அங்க போய்ச் சேர்ந்தது சீனன் மரக்கலத்துல. பாய் நெறைய சிலுவை போட்டுக் கப்பல் வரைஞ்சிருக்காரு. யாராவது வாயத் தொறந்தாங்களா? இவ்ளோ பெரிய பொய்ய முழுங்கினவன் சட்டைக்கா அழப்போறான்?"

"கப்பல் வரைஞ்சது அவரு. கழுத்து வெட்டினது நான்."

"அரிசி அளவு இருக்கு அந்தக் கழுத்து! எவன் பாக்கப்போறான்?"

"மேல் வீட்டம்மா பாப்பாங்க. தினம் படிக்கட்டுல நான் அவங்க மூஞ்சியில முழிக்கணும்."

"அப்ப வீட்ட மாத்து" என்றார் குவாரெஸ்மா. கோபம் வந்தால் டோனாவும் உதிர்ந்துவிடும், மரியாதையும் உதிர்ந்துவிடும். என் பக்கம் திரும்பினார். "நீயும்தானே கண்ணாடியில பாத்தே? ஒனக்குத் தெரிஞ்சுதா தப்பு?"

தெரியவில்லை என்றேன். உண்மைதான். ஆனால் தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டியோலிண்டா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அச்சை எடுத்து மேசைமேல் இருந்த தோல் திண்டில் பதித்தார். உருப்பெருக்கியை மாட்டினார். மெல்லிய உளியைக் கல்லில் தீட்டினார். முதல் சீவல் சுருண்டு எழுந்தது, தலைமுடி மாதிரி.

குவாரெஸ்மா காபிக் கோப்பையோடு உள்ளே வந்தார். பார்த்தார். கோப்பை கையிலேயே இருந்தது.

"என்ன பண்றே? எடு கைய! எடுன்னா!"

அவர் எடுக்கவில்லை. குவாரெஸ்மா பாய்ந்து வந்து, ஒரு முழத் தூரத்தில் நின்றுவிட்டார். உளி முனை எஃகுக்குள் இருந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் முனை வழுக்கி ஜப்பானியரின் முகத்தையும் கப்பலையும் கிழித்துக்கொண்டு ஓடும். இன்னொரு அச்சு இல்லை. இயந்திரம் அரைக்க இன்னும் ஐந்து வாரம் வேண்டும்.

எட்ட நின்று கத்தினார். "துரோகி! சோறு போட்ட எடத்துல..."

"சத்தமா கத்தாதீங்க. கை அசையுது."

குவாரெஸ்மா குரலைத் தணித்துக்கொண்டார். சத்தியமாக. தணித்த குரலில் எங்கள் ஊர் மீன்சந்தையிலும் கேட்க முடியாத வசவுகளைச் சொன்னார். பக்கத்து அறையில் பதக்கம் அடிக்கும் அழுத்தி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டியோலிண்டா தண்ணீர் குடிக்கக் கிண்ணத்தை எடுத்தபோது மேசை அதிர்ந்து தண்ணீரில் வளையம் வளையமாக வருவதைக் குவாரெஸ்மா பார்த்தார். ஓடிப்போய் அழுத்தியை நிறுத்தச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். மத்தியானம் ஒரு சுமைவண்டி வந்தபோது தெருவில் இறங்கி, அதை முனையிலேயே நிறுத்திவிட்டு வந்தார். டியோலிண்டாவைச் சபித்துக்கொண்டே அவருக்காகப் பட்டறை முழுவதையும் அடக்கிவைத்தார். பசித்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை.

நாலரை மணிக்கு டியோலிண்டா உளியைக் கீழே வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஈயத்தை நான் அழுத்தினேன். இடப்பக்கம் மேலே. பழைய விளிம்பின் சுவடே இல்லை.

குவாரெஸ்மா அதைப் பார்க்கவில்லை. அலுவல் அறைக்குப் போய்க் காகிதத்தோடு வந்தார்.

"ஒன்ன வேலைய விட்டு நீக்கியாச்சு. எழுதித் தர்றேன், எடுத்துட்டுக் கெளம்பு."

"எழுதுங்க. காரணத்தப் போட்டு எழுதுங்க."

"உத்தரவ மீறினதுக்கு."

"எந்த உத்தரவ? என்ன செய்யக்கூடாதுன்னு சொன்னீங்க? நான் என்ன செஞ்சேன்? அதையும் எழுதுங்க. நான் தொழில் நீதிமன்றத்துல கொண்டுபோய்க் காட்டணுமில்ல?"

அவர் குனிந்து எழுதினார். ஒரு வரி. இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. அரசு முத்திரை குத்திய உருவத்தில் என்று எழுத வேண்டும். தப்பு இருந்தது என்று எழுத வேண்டும். தெரிந்தும் உலைக்கு அனுப்பப் பார்த்தேன் என்று அடுத்த வரியே தானாக வந்துவிடும். எங்களுக்கெல்லாம் அது புரிந்தது. அவருக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

காகிதத்தைக் கசக்கினார்.

"போ. வீட்டுக்குப் போய்த் தொலை. நாளைக்கு வா."

டியோலிண்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஆறு மணி ஆகலையே" என்று சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.